பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடுமா?

போன வாரமும் ஒருவர் வந்தார். 48 வயது, லாரி ஓட்டுநர். கால் வீக்கம், மூச்சு வாங்கல், பிரஷர் 210/120, கிரியேட்டினின் (கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 7, மிக அதிகம். மூன்று வருடம் முன்பு எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டே மாதத்தில் நிறுத்தியிருக்கிறார். "தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்னு சொன்னாங்க சார்." இந்த மாதத்தில் இதைக் கேட்பது நான்காவது முறை. யார் சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

நிமிடத்துக்கு நிமிடம் பிரஷர் ஏறி இறங்குவதை இதயமும் நரம்புகளும் பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்கில் அது எங்கே நிற்கும் என்பது பெரும்பாலும் சிறுநீரகத்தின் கையில். தினமும் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது. மீதியில் எவ்வளவு உப்பையும் நீரையும் திருப்பி எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தனக்கு வரும் ரத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அதனால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக்குழாயை இறுக்கும், அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோனை வரவழைத்து உப்பைப் பிடித்துவைக்கும்.

கவனிக்காமல் விட்ட பிரஷர் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தடிக்க வைக்கிறது. உள்ளே ரத்தம் குறைகிறது, ரெனின் கூடுகிறது, பிரஷர் இன்னும் ஏறுகிறது. டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் எல்லாம் அந்த ஆஞ்சியோடென்சினைத் தடுப்பவை. சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகினால் கிட்னியைக் காப்பாற்றத்தான் இவற்றைத் தருகிறோம். "டயாலிசிஸ் செய்கிறவங்க எல்லாம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவங்கதானே?" பெரும்பாலும் ஆமாம். குடை பிடித்ததால்தான் மழை வந்தது என்பீர்களா? மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். 30 சதவீதம் வரை என்றால் பொதுவாக நிறுத்துவதில்லை, கவனித்துக்கொண்டே தொடர்வோம்.

அந்த ஓட்டுநர் பயப்படாமல் விழுங்கியது எது தெரியுமா? முதுகு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், தினமும் இரண்டு. உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். தயவுசெய்து வலி மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு வாங்காதீர்கள்.

உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அதில் ஊறுகாய், அப்பளம், கருவாடும் அடக்கம். இந்துப்பும் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, கிட்னி பலவீனமானவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும். வாந்தி, பேதி கடுமையாக இருக்கும் நாட்களில் மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள், சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார். "இப்ப நார்மல் ஆயிடுச்சே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரை போடுவதால்தான் நார்மல். அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்த்துவிடுங்கள். அந்த ஓட்டுநருக்குப் போன வாரம் வரும்வரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.