தாய்வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்த ஊர் நர்ஸம்மாவின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்

சேலத்தில் மகப்பேறு வார்டில் செவிலியராக இருந்து, இப்போது தாய்ப்பால் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பிரசவமாகி வீட்டுக்குப் போன பெண்கள் ஒரு வாரம் பத்து நாள் கழித்து போன் செய்வார்கள். பால் போதவில்லை என்பார்கள், தையல் வலிக்கிறது என்பார்கள், கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அழுதுவிடுவார்கள். நான் முதலில் கேட்பது, "உங்க ஏரியா நர்ஸ் வந்து பார்த்தாங்களா?" பெரும்பாலும் வரும் பதில், "நான் இப்ப அம்மா வீட்ல இருக்கேன் மேடம், இங்க யாருன்னு தெரியாது."

நம் ஊரில் உதவி கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உதாரணத்துக்கு, சேலம் அம்மாப்பேட்டையில் புகுந்த வீடு, கர்ப்பத்தைப் பதிவு செய்தது அங்கே, மாதாமாதம் பரிசோதனையும் அங்கே. வளைகாப்பு முடிந்ததும் ஓமலூருக்கோ வாழப்பாடிக்கோ ஆத்தூருக்கோ தாய்வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். அம்மாப்பேட்டை நர்ஸ், பெண் ஊரில் இல்லை என்று எழுதி வைத்துக்கொள்வார். தாய்வீட்டு ஊர் நர்ஸுக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. கடைசி இரண்டு மாதம், பிரசவம், அதன் பின் ஆறு வாரம் என்று உதவி அதிகம் தேவைப்படும் காலம் முழுக்க, இரண்டு பேர் பட்டியலிலும் அவள் இல்லை.

சரி, என்ன செய்வது? கிளம்புவதற்கு முன்பே புகுந்த வீட்டுப் பக்கத்து நர்ஸிடம் "இன்ன ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லுங்கள். தாய்வீடு போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அந்த ஊர் நர்ஸ் இருக்கும் துணை சுகாதார நிலையத்துக்குப் போய், தாய் சேய் நல அட்டையையும் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் காட்டுங்கள். பன்னிரண்டு இலக்கத்தில் இருக்கும் அந்த எண் உங்களோடு வரும், ஊர் மாறினால் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள், அதனால் தனியார் மருத்துவமனையில் காட்டுகிறவர்களும் பதிவு செய்தே ஆக வேண்டும். "நாங்க பிரைவேட்ல பாக்கறோம், எங்களுக்கு எதுக்கு கவர்மென்ட் நர்ஸ்" என்று கேட்கும் குடும்பங்கள் நிறைய. தனியார் மருத்துவமனை டாக்டர் உங்கள் வீட்டுப் படி ஏறி வரமாட்டார். நர்ஸம்மா வருவார். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் வந்து பார்க்க வேண்டும் என்பது நாடு முழுக்க உள்ள ஏற்பாடு. ஆனால் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு, அத்தனை பேரில் நீங்கள் வந்திருப்பது அவருக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும், சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொதுவாகச் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள், புதன்கிழமை தடுப்பூசி. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை மருத்துவரே பார்க்கும் முகாம் நடக்கும். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம், வீட்டில் கொண்டுவந்து விடும் தாய் சேய் வண்டிக்கும் காசில்லை. வண்டிக்கு 102, அவசரத்துக்கு 108. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அங்கேயே நிலைய மருத்துவ அதிகாரியிடம் சொல்லுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், 19 வயது நிறைந்திருக்க வேண்டும். பணம் நின்றுபோகும் வீடுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் பெயர்ச் சிக்கல்தான். ஆதாரில் அப்பா இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் கணவர் இனிஷியல். இதைக் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே சரிசெய்துவிடுங்கள், கைக்குழந்தையோடு பேங்க் வரிசையில் நிற்க முடியாது. கணவர்களே, இது உங்கள் வேலை.

அங்கன்வாடியையும் மறந்துவிடாதீர்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு அங்கே கிடைக்கும், குழந்தையை மாதாமாதம் எடை போடுவார்கள். தாய்வீட்டுக்கு வந்தவர்கள், தற்காலிகமாக வந்திருக்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். அப்புறம், வாங்கிய சத்துமாவை வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துத் தின்றுவிட்டு, பச்ச உடம்புக்காரிக்கு மட்டும் பத்தியச் சோறு போடும் பழக்கத்தை எந்தப் பாட்டி சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சேர்வராயன் மலையில் இருப்பவர்களுக்குக் கதையே வேறு. ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் அதில் இருபது கொண்டை ஊசி வளைவு. உள்கிராமங்களிலிருந்து ஏற்காட்டுக்கு வருவதற்கே ஜீப் பார்க்க வேண்டும், மழையும் பனிமூட்டமும் சேர்ந்த ராத்திரியில் 108க்கு போன் செய்யலாம் என்றால் சிக்னல் இருக்காது. இங்கே வலி வந்த பிறகு யோசிக்கக் கூடாது. தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கீழே இறங்கிவிடுங்கள். முதல் பிரசவம் சிசேரியன், ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, ரத்தசோகை என்று ஏதாவது இருந்தால் இன்னும் முன்னதாகவே. தமிழ்நாட்டில் மலைப்பகுதிக்கான ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில், பிரசவத்துக்கு முன்பே துணைக்கு ஒருவரோடு வந்து தங்கும் அறை இருக்கிறது. உங்களுக்கு எது பக்கம் என்று ஊரில் இருக்கும் ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் ஏழாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு என்பது தோட்டத் தொழிலுக்கும் பொருந்தும் சட்டம். மேஸ்திரி பெரிய மனசு பண்ணிக் கொடுப்பது இல்லை அது.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை பகுதிகளில் வீட்டிலேயே கொலுசு வேலை செய்யும் பெண்களுக்கு அந்த விடுப்பு இல்லை. பீஸ் கணக்குக் கூலி, கை ஓடினால்தான் காசு. அவர்கள் பிரசவமான இருபதாம் நாளே வேலைக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களிடம் ஓய்வெடு என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வருவதில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் மகப்பேறு உதவி உண்டு, ஆனால் அதற்கு முன்பே உறுப்பினராகியிருக்க வேண்டும். ஆகவே கல்யாணமான உடனேயே வாரிய உறுப்பினர் அட்டை போட்டுவிடுங்கள்.

இனி பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், தெருவில் கறந்து சங்கில் விற்கும் கழுதைப்பாலும் வேண்டாம், அதனால் குழந்தைக்குக் கிருமித் தொற்றுதான் வரும். பால் போதுகிறதா என்பதைக் குழந்தையின் அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஐந்தாறு நாளுக்குப் பிறகு தினம் ஆறு முறைக்கு மேல் மூத்திரம் போகிறதா, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பி வந்ததா என்று பாருங்கள். குறைமாதக் குழந்தை ஐ.சி.யூ.வில் இருந்தால், சேலம் ஜி.எச்.சில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுக்க நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், கண் மங்கும் தலைவலி, மூச்சுத் திணறல் இதெல்லாம் ஆறு வாரம் வரைக்கும் ஆபத்துதான். தீட்டு கழியட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மனசுக்கும் உதவி இருக்கிறது. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். அதற்கு மேலும் போனால், குழந்தை தூங்கியும் இவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொன்னால், அது திமிரும் இல்லை, காத்து கருப்பும் இல்லை, மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை உண்டு. சேலம் ஜி.எச். மனநலப் பிரிவுக்கு நேராகவும் போகலாம். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

குழந்தை தங்காமல் வெறுங்கையோடு வீடு திரும்பிய பெண்ணைப் பற்றி யாருமே பேசுவதில்லை. அவளுக்கும் மூன்றாம் நாள் மார்பில் பால் கட்டும், வலிக்கும், காய்ச்சலும் வரலாம். இறுக்கமாகத் துணி கட்டி விடாதீர்கள். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் கொடுத்து, வலி தாங்காதபோது மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள், பாலை நிறுத்த மாத்திரை இருக்கிறது. அவளுக்கும் அதே 42 நாள் கவனிப்பு வேண்டும், கருச்சிதைவானாலும் ஆறு வாரம் விடுப்பு சட்டப்படி உண்டு. வீட்டில் யாராவது ஒருவர் நர்ஸம்மாவுக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் நடந்ததை உடனே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆறாவது வாரம் தடுப்பூசி போட ஏன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்று கேட்டு அந்தப் பெண்ணுக்கே போன் வரும்.