லென்ஸ் இல்லாத காமா கேமரா

காமா கதிரை லென்ஸ் போட்டுக் குவிக்க முடியாது, வளையாமல் அப்படியே ஊடுருவிப் போய்விடும். அது வானத்தில் எங்கிருந்து வருகிறது என்று அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

நிழலை வைத்துத்தான். கீற்றுக் கொட்டகைக்குள் வட்ட வட்டமாக வெயில் விழுமே, அதில் ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம், கிரகணத்தன்று அவை எல்லாம் பிறையாகிவிடும். காமா கதிருக்கும் ஈயத் தகட்டில் இப்படி ஓர் ஓட்டை போடலாம், ஆனால் ஊசித்துளை வழியே வரும் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், எண்ணக்கூடிய அளவுதான் இருக்கும். ஓட்டைகளைக் கூட்டினால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

அந்தக் குழப்பத்தைக் கணக்கால் பிரித்துவிடலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நாசா 2004 நவம்பரில் ஏவிய ஸ்விஃப்ட் செயற்கைக்கோளில், 5 மி.மீ. சதுர ஈயத் துண்டுகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல், எந்த ஒழுங்கும் இல்லாமல், பாதி இடம் திறந்தும் பாதி மூடியும் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மீட்டர் கீழே 32,768 உணரிகள். கதிர் வரும் திசை மாறினால் நிழல் கொஞ்சம் நகரும், அமைப்பில் ஒழுங்கே இல்லாததால் எவ்வளவு நகர்த்திப் பார்த்தாலும் ஒரே ஓர் இடத்தில்தான் அது பதிவோடு சரியாகப் பொருந்தும், கணினி தேடுவது அந்த இடத்தைத்தான்.

உணரிகள் காட்மியம் ஜிங்க் டெலுரைடு என்ற படிகம். கனமான அணுக்கள் என்பதால் 2 மி.மீ. தடிமனே கதிரைப் பிடித்துவிடும், ஜெர்மானியம் உணரிகளைப் போலக் கடுமையாகக் குளிரவைக்கவும் வேண்டாம், விண்வெளியில் இது பெரிய நிம்மதி.

இதற்கு விலையும் உண்டு: வரும் கதிரில் பாதி ஈயத்திலேயே நின்றுவிடும், பிரகாசமான ஒரு மூலம் இருந்தால் அதன் இரைச்சல் படம் முழுக்கப் பரவும். ஒரு மீட்டர் தூரத்தில் 5 மி.மீ. என்றால் கூர்மையும் நிலவின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனாலும் விண்வெளியில் காமா கதிரை வீசும் வெடிப்பின் மையத்தை அதைவிட நுட்பமாகக் கணித்து, செயற்கைக்கோள் தானே அந்தப் பக்கம் திரும்பி மற்றத் தொலைநோக்கிகளால் பார்க்கும். 2008 மார்ச் 19 அன்று 750 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த ஒன்றைப் பிடித்தது இதே கேமராதான், அதன் ஒளி சில நொடிகளுக்கு வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இருந்தது!

ஸ்விஃப்ட்டின் ஒரு மி.மீ. தடிமன் ஈயத்தின் தடுப்பு, கதிரின் ஆற்றல் 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால் பலிக்காது. அதனால்தான் ஐரோப்பாவின் இன்டக்ரல் செயற்கைக்கோள் 16 மி.மீ. டங்ஸ்டனுக்குப் போனது. ஆனால் தகடு தடிக்கத் தடிக்க ஓட்டைகள் குழாயாகிவிடும், சாய்ந்து வரும் கதிர் சுவரில் முட்டும், பார்க்கக்கூடிய வானமும் குறுகிப்போகும்.