ரசிகரின் ஆர்வம் ஏன் வற்றுகிறது?

பல ஆண்டுகளாக விடாமல் பார்த்துவந்த கூடைப்பந்து அணி தோற்றாலும் இப்போது வருத்தமே வருவதில்லையே, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.-வின் அணிகளுள் ஒன்றான சாக்ரமென்டோ கிங்ஸின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

2002 மே 26 அன்று, மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் 4-வது ஆட்டத்தில், எதிரணியான லேக்கர்ஸை விட கிங்ஸ் 2 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. கடைசி நொடிகளில் லேக்கர்ஸின் எறிதல்கள் இரண்டு அடுத்தடுத்துத் தவற, கூடையடியிலிருந்து கிங்ஸ் வீரர் விளாடி டிவாச் வெளியே தட்டிவிட்ட பந்து, மூன்று புள்ளிக் கோட்டருகே நின்ற லேக்கர்ஸ் வீரர் ராபர்ட் ஹோரியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவர் எறிந்தார், 100-99 என லேக்கர்ஸ் வென்றது.

அந்தத் தோல்வி அவ்வளவு வலித்ததற்குக் காரணம் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள். 1990-களில் ஸ்விட்சர்லாந்தின் ஃபிரிபூர் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் இந்த நரம்பணுக்களை ஒவ்வொன்றாக அளந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அவை படபடவெனத் துடித்தன. சாற்றுக்கு முன் விளக்கு எரியும் என்று குரங்கு பழகியபின், துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது எந்த மாற்றமும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு அடங்கிப்போனது. எத்தனை அழகான கணக்கு! இந்த நரம்பணுக்கள் கிடைத்ததை அளப்பதில்லை, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அளக்கின்றன.

பின்னர் 2006-07 முதல் 2021-22 வரை, தொடர்ந்து 16 பருவங்கள் கிங்ஸ், பருவ இறுதியில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றையே எட்டவில்லை. எதிர்பார்ப்பே தேய்ந்துவிட்ட இடத்தில் தோல்வி புதிதாக எதையும் பறிப்பதில்லை; வேறுபாடு சுழியத்தை நெருங்க, வலியும் ஆர்வமும் சேர்ந்தே மங்குகின்றன. அணிக்கு ராசி போய்விட்டது என்று சொல்வது இதில் எதையும் விளக்காது.

2022-23 பருவத்தில் அதே அணி 48 ஆட்டங்களை வென்றது. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அரங்கின் கூரையிலிருந்து ஊதா ஒளிக்கற்றை வானில் பாய, மக்கள் திரண்டு ஆர்ப்பரித்தார்கள். மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை கோப்பை வெல்லும் அணியின் ரசிகருக்கு 48 வெற்றிகள் இந்த அளவு இனித்திருக்காது. கேள்வி கேட்ட வாசகர் தம் பற்றின்மையைத் துரோகமாகக் கருத வேண்டியதில்லை. அவருடைய அணி மறுபடி கணிக்க முடியாததாகும் நாளில், அவர் முயலாமலேயே ஆர்வம் திரும்பக்கூடும்.