பாம்புக்கடிக்கு 2 லட்சம்: பணம் எங்கே நின்றுபோகிறது

அடைமழையில் வயல் மூழ்கினால் எலி வீட்டுக்குள் வரும். நெல் மூட்டைக்கு எலி, எலிக்குப் பாம்பு. டெல்டாவில் இது யாருக்கும் புதிதில்லை. உள்ளே பாம்பைப் பார்த்தால் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, 101-க்குப் போன் போட்டுத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். கம்பைத் தேட வேண்டாம். அடிக்கப் போய்த்தான் பலர் கடி வாங்குகிறார்கள்.

கடித்த பிறகு நடப்பதுதான் இங்கே விஷயம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். வயது 18 முதல் 70 வரை. விபத்தில் இறந்தால் நாமினிக்கு 2 லட்சம். பாம்புக்கடியும் இதில் விபத்துதான். அது தெரியாமலே கருமாதியை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள் உண்டு.

முதல் ஓட்டை மே மாதம். காப்பீடு ஜூன் 1 முதல் மே 31 வரை. சம்பாப் பணம் கரைந்து, குறுவைக்கு நகையை அடகு வைக்கிற நேரத்தில்தான் பிடித்தம் வரும். கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு அறுந்துவிடும். வங்கி வீடு தேடி வந்து சொல்லாது. ஜூனில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி என்கிற ஆயுள் காப்பீடு, வேறு திட்டம். இரண்டும் இருந்தால் இரண்டையும் கேட்கலாம். ஆனால் இரண்டு வங்கியில் 20, 20 கட்டினாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான்.

பெரிய ஓட்டை ஆஸ்பத்திரிச் சீட்டு. பாம்புக்கடிக்கு உடனே போன மருத்துவமனையின் பதிவு வேண்டும் என்கிறது விதி. மந்திரிக்கவும் பச்சிலைக்கும் அலைந்து, வீட்டிலேயே உயிர் போய், போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் எரித்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பணத்தை விடுங்கள், விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில்தான் இலவசமாக இருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கட்டுவிரியன் விஷயத்தில் இன்னும் கவனம். தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும்; வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி என்பார், கண் இமை சரியும். நாம் வயிற்றுவலி என்று மட்டும் சொன்னால் சீட்டிலும் அதுதான் ஏறும், சிகிச்சையும் தாமதமாகும். தரையில் படுத்தார், பாம்பு கடித்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், ‘பாம்புக்கடி’ என்று இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். இறந்துவிட்டால் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று கையெழுத்துப் போடாதீர்கள், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

அப்புறம் வங்கி. 20 ரூபாய் பிடித்த கிளையிலேயே 30 நாளுக்குள் மனுவைக் கொடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியைப் பாருங்கள் என்று கைகாட்டினால் நகராதீர்கள். வாங்கி அனுப்புவது அவர்கள் வேலை. எப்.ஐ.ஆர். எங்கே என்பார்கள். வாகன விபத்துக்கும் நீரில் மூழ்கியதற்கும் போலீஸ் பதிவு கேட்கிற அதே விதி, பாம்புக்கடிக்கு மருத்துவமனைப் பதிவைத்தான் கேட்கிறது. எப்.ஐ.ஆர். இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்று திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

கொடுத்த மனுவின் நகலில் சீலும் தேதியும் இல்லாமல் கிளையை விட்டு வராதீர்கள். இழுத்தடித்தால் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க எண் 14448.