கொம்யூன் என்றால் கிராமம் இல்லை

பிரான்சில் உள்ள ஏதாவது ஒரு சின்ன ஊரைப் பற்றித் தமிழில் தேடிப் படித்தால் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இது பிரான்சின் இன்ன மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமம்." பிரெஞ்சு மூலத்தில் அந்த இடத்தில் கிராமம் என்ற சொல் இருக்காது, கொம்யூன் என்று இருக்கும். பிரான்சின் அடிமட்ட உள்ளாட்சிப் பிரிவுக்கு அதுதான் பெயர். இரண்டும் ஒன்றில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பாரிஸும் ஒரு கொம்யூன்தான். தெற்கே ஆர்ல் 750 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது, ஜிரோந்து பகுதியில் இருக்கும் கஸ்தெல்மொரோன் தால்பிரே 4 ஹெக்டேர்கூடக் கிடையாது, நம் கணக்கில் பத்து ஏக்கருக்கும் குறைவு. சட்டத்தின் கண்ணில் மூன்றும் கொம்யூன். நாடு முழுக்க இப்படிச் சுமார் 35,000 இருக்கின்றன. நாட்டுப்புறத்துக் கொம்யூன் ஒன்றை எடுத்துக்கொண்டால், நடுவில் தேவாலயமும் மேயர் அலுவலகமும் உள்ள குடியிருப்பு, அதைச் சுற்றி வயல், காடு, ஓடை, ஆங்காங்கே நாலைந்து வீடுகளாகத் தனித்தனிப் பெயருள்ள பட்டிகள், எல்லாம் சேர்ந்ததுதான் அது. கிராமம் என்று எழுதினால் இதில் நடுக்குடியிருப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'கொம்முனிஸ்' என்றால் பொதுவானது. அதற்குள் 'முனுஸ்' என்ற சொல் இருக்கிறது, கடமை, பணி என்று பொருள். ஆக, கடமையைப் பங்கிட்டுக்கொள்கிறவர்கள் என்பதுதான் வேர்ப்பொருள். இடைக்காலத்தில் நகரத்து மக்கள் ஒன்றுகூடி, ஒருவரையொருவர் காப்போம் என்று சத்தியம் செய்து அமைத்த கூட்டுக்குக் கொம்யூன் என்று பெயர். வடக்கே லான் நகரில் அப்படி அமைந்த கொம்யூனை அங்கிருந்த ஆயர் (பிஷப்) ரத்து செய்யப்போக, 1112-இல் மக்கள் கிளர்ந்தெழுந்து அவரையே கொன்றுவிட்டார்கள். அப்போது அது ஓர் உரிமையின் பெயர், ஆட்களின் ஒப்பந்தத்துக்குப் பெயர். நிலத்துக்கு வந்தது பின்னால்தான். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1789 டிசம்பரில் பழைய தேவாலயப் பங்குகளை, அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட பகுதிகளை, அடிப்படையாக வைத்து உள்ளாட்சிகளை அமைத்தது, 1793-இல் நகரம், பேட்டை, கிராமம் என்ற ஏற்றத்தாழ்வெல்லாம் வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்று ஆணையிட்டது. பாரிஸுக்கும் பத்து ஏக்கர் ஊருக்கும் ஒரே பெயர் இருப்பது அந்தச் சமத்துவ எண்ணத்தின் எச்சம்.

இந்த வேறுபாடு எனக்கு முழுதாக விளங்கியது ஃப்ளெரி என்ற ஊரைப் பற்றிப் படித்தபோதுதான். வடகிழக்கே மியூஸ் மாவட்டத்தில், வெர்டன் நகருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, துவோமோன் கோட்டைக்கு எதிரே ஒரு மேட்டில் இருந்தது. அதனால்தான் முழுப்பெயரே 'துவோமோனுக்கு முன்னுள்ள ஃப்ளெரி'. முதல் உலகப் போருக்கு முன் 422 பேர், உழவும் மரவேலையும் பிழைப்பு. 1916 கோடையில் அந்த மேட்டைப் பிடிக்க பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் மோதியதில் ஊர் பதினாறு முறை கை மாறியதாகச் சொல்வார்கள். ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடந்ததால் திரும்பக் கட்டவும் விடவில்லை. இன்று அங்கே போனால் குண்டுப் பள்ளங்கள் நிறைந்த காடும், இங்கே ரொட்டிக்கடை இருந்தது, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது என்று சொல்லும் சிறு அடையாளக் கற்களும், ஒரு தேவாலயமும்தான். குடியிருப்பவர் யாருமில்லை.

ஆனாலும் ஃப்ளெரி இன்றும் ஒரு கொம்யூன். போருக்குப் பின் அந்தப் பெயரை அழிக்க மனமில்லாமல் சட்டப்படியே நிலைநிறுத்தினார்கள். வாக்காளர் இல்லாததால் மாவட்ட அரசு அதிகாரி மூவரை நியமிக்கிறார், அவர்களில் தலைவர் மேயர் வேலையைப் பார்க்கிறார். வெர்டனைச் சுற்றி இப்படி ஆளே இல்லாத கொம்யூன்கள் ஆறு. இதைப் போய்க் கிராமம் என்று எப்படி எழுதுவது?

தமிழில் என்ன சொல்லலாம்? புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. பிரெஞ்சு ஆட்சி 1880-இல் அங்கே கொம்யூன்களை அமைத்தது, இன்றும் வில்லியனூர், பாகூர், திருநள்ளாறு என்று பத்து கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. மேயர் அலுவலகத்தைக் குறிக்கும் 'மேரி'யும் அங்கே பழகிய சொல்தான், கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தைக் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஆகவே ஒலிபெயர்ப்பதானால் 'கம்யூன்' வேண்டாம், அது ஆங்கில உச்சரிப்பு. பொதுவுடைமைக் குடியிருப்பைத்தான் நினைவூட்டும். 'கொம்யூன்' நம் மண்ணிலேயே புழங்குகிற வடிவம்.

தனித்தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால் பலரும் ஊராட்சி என்பார்கள். நிர்வாக அமைப்பைக் குறிக்க அது போதும், ஆனால் நிலமும் மக்களும் அதில் வரவில்லை. என் தேர்வு 'ஊர்'. சோழர் கல்வெட்டுகளில் ஊர் என்பது இடத்துக்கும் பெயர், அங்கே கூடி முடிவெடுத்த அவைக்கும் பெயர். "ஊராய் இசைந்த ஊரோம்" என்று அவர்கள் கையெழுத்திடுவார்கள். இசைந்து ஊரானோம் என்கிற அந்தச் சொற்றொடர் லான் நகரத்தார் செய்த சத்தியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள்! கட்டுரையில் முதல்முறை வரும்போது 'ஊர் (கொம்யூன்)' என்று போட்டுவிட்டு, அப்புறம் ஊர் என்றே எழுதலாம். அதற்குள் இருக்கும் சிறு குடியிருப்புகளுக்குப் பட்டி என்ற சொல் இருக்கவே இருக்கிறது.