ஆலய ஆபீஸ் போனில் ஓடும் பாட்டுக்கு அனுமதி வேண்டுமா?

ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டோ, கல்யாண ஓலை (ஆராதனையில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்பது பற்றி விசாரிக்கவோ ஆலய அலுவலகத்துக்குப் போன் போட்டால், "கொஞ்சம் லைன்லயே இருங்க" என்பார்கள். அந்த நேரத்தில் ஒரு கிறிஸ்தவப் பாட்டு ஓடும். ஆராதனையில் பாடுகிற பாட்டுதானே, இதற்கு எதற்கு லைசென்ஸ் என்று மதுரைப் பக்கத்து சபைகளில் பலரும் கேட்கிறார்கள்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது. மதச் சடங்கின்போது பாட்டைப் பாடவோ ரெக்கார்டைப் போடவோ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கல்யாண ஊர்வலமும் அதையொட்டிய கொண்டாட்டமும்கூட இதில் அடங்கும். ஆனால் விலக்கு சடங்குக்குத்தான். சர்டிபிகேட் விசாரிக்கிறவர் காதில் விழும் பாட்டை எந்தச் சடங்கிலும் சேர்க்க முடியாது. சொந்த உபயோகத்துக்கு என்று சந்தா கட்டிய ஸ்பாட்டிஃபை, யூடியூப் பாட்டையும் ஆபீஸ் லைனில் விடக்கூடாது. செல்போன் கம்பெனி தரும் காலர் டியூன் அந்த நம்பருக்கு மட்டும். அதை எடுத்து ஆபீஸ் இன்டர்காமில் ஏற்றினால் அந்த அனுமதி செல்லாது.

ஒரு பாட்டில் வரி, மெட்டு, ரெக்கார்டு என்று மூன்று உரிமைகள் இருக்கின்றன. பெரும்பாலும் குழப்பம் வருவது இங்கேதான். எழுதியவரும் மெட்டமைத்தவரும் இறந்து 60 ஆண்டு ஆன பிறகுதான் வரியும் மெட்டும் பொதுச் சொத்தாகும். ரெக்கார்டுக்குக் கணக்கு வேறு: வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864-இல் காலமானவர். அவர் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் அவர் கீர்த்தனை ஒன்றை யாரோ பாடி 1990-இல் கேசட்டாக வெளியிட்டிருந்தால், அந்த ரெக்கார்டுக்கு 2050 முடியும்வரை உரிமை உண்டு. பாமாலை (ஆலயங்களில் பாடும் பாட்டுப் புத்தகம்) பாட்டுகளில் இன்னொன்றையும் பாருங்கள். ஆங்கில மூலம் பழையதாக இருந்தாலும், தமிழில் பெயர்த்தவரின் உரிமை தனி.

என்னைக் கேட்டால், நம் குவயரே (ஆலயப் பாடகர் குழு) பாடிப் பதிவு செய்வதுதான் நல்லது. பழைய கீர்த்தனை ஒன்றைப் பழைய மெட்டிலேயே பாடி, சபையே முன்னின்று பொறுப்பெடுத்துப் பதிவு செய்தால் தயாரிப்பாளர் சபைதான். பாடினவர்கள், கீபோர்டு வாசித்தவர் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காலம் குறிப்பிடாமல் எழுதி வாங்கினால் 5 ஆண்டுக்கு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் "ஆலய அலுவலகத் தொலைபேசியில் காத்திருப்பு இசையாக, இத்தனை ஆண்டுக்கு" என்று தெளிவாக எழுதுங்கள். அப்புறம், சாதாரண போன் லைன் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். கூட்டுப்பாட்டின் கனமான தாழ்ந்த ஒலி (பேஸ்) காணாமல் போய், டிரம்ஸ் வெறும் இரைச்சலாகக் கேட்கும். ஒரு குரல், அல்லது வயலினோ புல்லாங்குழலோ மட்டும் இருந்தால் வயதானவர்களுக்கும் தெளிவாக இருக்கும்.

இப்போதைய பாட்டுதான் வேண்டுமென்றால், ரெக்கார்டுக்கு ஆல்பம் வெளியிட்டவரிடமும், வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவரிடமும் மெட்டமைத்தவரிடமும் கேட்க வேண்டும். அவர்கள் ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் அமைப்பு) சங்கத்தில் உறுப்பினர் என்றால் அங்கே லைசென்ஸ் வாங்கலாம். பாட்டு எழுதியவர் பக்கத்து சபைக்காரராகக்கூட இருப்பார். ராயல்டிதான் அவர் உழைப்புக்குக் கிடைக்கிற கூலி. ஆலயமே அதைக் கொடுக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தகுந்த காரணம் காட்டி கோர்ட் குறைக்கலாம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (உரிமையாளரே முன்கூட்டி அனுமதி கொடுத்து வைத்திருக்கும்) இசையிலும் நிபந்தனை உண்டு. இயற்றியவர் பெயரைச் சொல்லச் சொன்னால், இசைக்கு நடுவே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இவை எதற்கும் வசதிப்படாவிட்டால் பாட்டே வேண்டாம். ஞாயிறு ஆராதனை நேரம், ஆபீஸ் திறந்திருக்கும் நேரம், சர்டிபிகேட்டுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை வாலிபர் சங்கத்தில் நல்ல குரல் உள்ள ஒருவர் நிதானமாகப் படித்துப் பதிவு செய்து கொடுத்தால் போதும். அவருடைய சம்மதம் ஒன்றுதான் தேவை. பாதிப் பேருக்குக் கேட்க வந்த கேள்விக்குப் பதிலும் அதிலேயே கிடைத்துவிடும்.