குறி தப்பியதா? முதலில் அம்பைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் திங்கட்கிழமை, விஸ்கான்சின் மாநிலத்தில் நான் வேலை செய்யும் வில் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். மில்வாக்கியில் மென்பொருள் வேலை. வில்லோடு மான் வேட்டைக்குப் போவது அவருக்கு அதுவே முதல் பருவம். "அண்ணா, சைட் எங்கயோ இடிபட்டு நகர்ந்திருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் 25 கெஜத்துல நின்ன மானை விட்டுட்டேன்" என்றார். சைட் என்பது வில்லில் பொருத்திக் குறிபார்க்கும் கருவி. கடையின் பின்புறமுள்ள பயிற்சிக் கூடத்தில் அவரையே எய்யச் சொன்னேன். 20 கெஜத்தில் மூன்று அம்புகளும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கும்படி விழுந்தன. சைட்டில் ஒரு பழுதும் இல்லை. சனிக்கிழமை எய்த அம்பு எங்கே என்று கேட்டேன், காரிலிருந்து எடுத்துவந்தார்.

அம்பின் முனையில் இருந்த ப்ராட்ஹெட்டின் அலகுகள் சேரும் இடுக்கில் நான்கைந்து வெள்ளை முடிகள் சிக்கியிருந்தன. தண்டை வெள்ளைத் தாளால் அழுத்தித் துடைத்தபோது, மெழுகு போன்ற கொழுப்பும் பச்சை கலந்த பழுப்புக் கறையும் தாளில் படிந்தன. நான் முகர்ந்து பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினேன். அவர் முகம் வாடிப்போயிற்று. வெள்ளைவால் மானுக்கு முதுகிலும் விலாவிலும் பழுப்பு முடி. வெள்ளை முடி அடிவயிற்றில் இருப்பது. அந்த அம்பு குறி தப்பவில்லை, மானின் வயிற்றில் பட்டிருக்கிறது. அது தெரியாமல் இரண்டு இரவுகள் கழிந்துவிட்டன.

மேலே செல்லுமுன் ஒரு விளக்கம். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தக் கட்டுரை, உரிமம் பெற்று அமெரிக்க மாநிலங்களில் வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்காக எழுதப்படுகிறது. விஸ்கான்சினில் வில்லுக்கென்று தனி மான் பருவம் 1934 முதல் உண்டு. 1973 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அப்படிப்பட்ட வகுப்புகளில் தன்னார்வப் பயிற்றுநராக நிற்கும்போது நான் அதிகம் கேட்கும் வாக்கியம் "தவறிவிட்டது" என்பதுதான். அந்தச் சொல்லை அவ்வளவு விரைவாகச் சொல்லும் உரிமை எய்தவருக்கு இல்லை என்பதே என் கருத்து. அம்பும் தரையும் 'படவில்லை' என்று சொல்லும் வரை, பட்டது என்றே கொள்ள வேண்டும்.

எய்தவுடன் செய்ய வேண்டியது, இருந்த இடத்தில் இருப்பது. 20 அடி உயரத்தில், மரத்தில் கட்டிய இருக்கையான ட்ரீ ஸ்டாண்டில் இருப்பவரின் கையும் காலும் அந்த நேரத்தில் நடுங்கும். அந்த நடுக்கத்தோடு இறங்குவதைவிட ஆபத்தான வேலை இந்த வேட்டையில் வேறில்லை, இடுப்போடு நில்லாமல் உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டை போட்டிருந்தாலும்கூட. மான் எய்யப்பட்டபோது நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் ஒரு மரத்தையோ புதரையோ அடையாளம் வைத்து மனத்தில் பதிக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து இறங்கி, முதலில் அம்பைத் தேட வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். குறைந்தது 4 மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை கலந்த கறையும் சாண நாற்றமும் இருந்தால் வயிறு. 8 முதல் 12 மணி நேரம் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. உடனே துரத்தினால் படுத்த மான் எழுந்து ஓடும், பிறகு கிடைக்காது. அம்பில் மண்ணும் இலைச்சாறும் தவிர வேறொன்றும் இல்லை, நின்ற இடத்தில் முடி இல்லை, ஓடிய வழியில் நூறு கெஜம் வரை ஒரு துளியும் இல்லை என்றால் மட்டுமே அதற்குத் 'தவறியது' என்று பெயர்.

அப்படித் தவறியது உறுதியான பிறகுதான் கற்றல் தொடங்குகிறது. புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, காரணத்தை வீட்டுக்குப் போய் யோசிப்பது. சாயங்காலத்துக்குள் நினைவு தனக்கு வசதியான கதையொன்றைக் கட்டி முடித்துவிடும். என் முதல் பருவத்தில் ஒரு பெண்மானின் முதுகுக்கு மேலே அம்பை விட்டேன். அன்றிரவே சைட்டின் திருகைத் தளர்த்தி, அம்பு தாழ்வாகப் போகும்படி 'பின்'னை, அதாவது சைட்டில் ஒவ்வொரு தூரத்துக்கும் உள்ள குறிப்புள்ளியை, நகர்த்திவைத்தேன். ஒரு வாரம் கழித்து வந்த அடுத்த மானின் காலடியில் அம்பு குத்தி நின்றது. முதல் முறை தவறியதற்குக் காரணம், தடித்த கழுத்துப்பட்டி வைத்த குளிர்ச்சட்டை. நாணை இழுத்த கை தாடையில் வழக்கமான இடத்தில் வந்து அமரவில்லை. இரண்டாம் முறை தவறியதற்குக் காரணம் என் திருகாணி. ஒரே ஒரு தவறிய அம்பை நம்பிச் சைட்டைத் தொடாதீர்கள் என்று இன்று வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லும்போது, பலருக்கு அது கடைக்காரர் பேச்சாகத்தான் படுகிறது.

காரணங்களில் முதலிடம் தூரக் கணிப்புக்கு. நொடிக்கு 280 அடி வேகத்தில் எய்யும், கப்பிகள் கொண்ட காம்பவுண்ட் வில்லில், 30 கெஜத்தில் நிற்கும் மானை 25 என்று கணித்து எய்தால், அம்பு ஏறத்தாழ 3 அங்குலம் தாழ்ந்து படும். இது பொறுத்துக்கொள்ளக் கூடிய பிழை. நொடிக்கு 180 அடி வேகமுள்ள, கப்பி இல்லாத ரிகர்வ் வில்லில், 25 கெஜத்தில் நிற்பதை 20 என்று கணித்தால் தாழ்வு ஏழு அங்குலத்தை நெருங்கிவிடும். இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கோ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான். மான் வந்த பிறகு தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரை எடுக்க நேரம் இருக்காது. ஆகவே இருக்கையில் அமர்ந்தவுடனே நாலாபுறமும் நிற்கும் மரங்களின் தூரத்தை அளந்து, 20 கெஜத்துக்குள் அடங்கும் ஓர் எல்லையை மனத்தில் வரைந்துகொள்வது நல்லது. உயரத்திலிருந்து எய்வதால் தூரமே மாறிவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. 20 அடி உயரத்திலிருந்து, தரையில் 20 கெஜம் தள்ளி நிற்கும் மானுக்குக் கண்ணின் நேர்க்கோட்டுத் தூரம் 21 கெஜம்தான். வேறுபாடு அற்பம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது: கீழ்நோக்கி எய்யும்போது இடுப்பை வளைக்காமல் வில் பிடித்த கையை மட்டும் தாழ்த்துகிறோம், கண், பீப் (நாணில் பொருத்திய பார்வைத் துளை), நாண் மூன்றும் ஒரு கோட்டிலிருந்து விலகுகின்றன. தரையில் நின்று மட்டுமே பழகியவருக்கு இது மரத்தில்தான் தெரியவரும்.

அடுத்தது மானின் பங்கு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்லும். 30 கெஜத்தைக் கடக்க அம்புக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாண் விடுபட்ட சத்தமோ பத்தில் ஒரு பங்குக்குள் மானின் காதை எட்டிவிடும். ஓட எழும்பும் மான் முதலில் கால்களை மடக்கித் தாழ்கிறது, சுருளும் வில்கம்பியைப் போல. தடையின்றி விழும் எந்தப் பொருளும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கில் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், விலாவை நோக்கிப் போன அம்பு முதுகுக்கு மேலே பறப்பதில் வியப்பில்லை. மான் அம்பைக் கண்டு விலகுவதாக ஒரு பேச்சு உண்டு; அது கேட்பது நாணை. இதற்கு மருந்து வேகமான வில் அல்ல. தலை நிமிர்ந்து, காதுகள் உங்கள் பக்கம் திரும்பி, உடல் விறைத்து நிற்கும் மானை எய்யாமல் விடுவதும், அமைதியாக நிற்கும் மானையும் மார்பின் கீழ் மூன்றிலொரு பகுதியில் குறிவைப்பதும்தான்.

இங்கே 'பக் ஃபீவர்' என்று ஒன்றைச் சொல்வார்கள். நாங்கள் சில தமிழர்கள் அதைக் கொம்புக் காய்ச்சல் என்று பெயர் வைத்து அழைக்கிறோம். கொம்போடு ஆண்மான் வந்து நின்றதும் நெஞ்சு படபடத்து, 20 கெஜத்துக்கு 30 கெஜப் பின்னை வைத்து விடுவிப்பார்கள். அதிலேயே நான்கு அங்குலம் மேலே போய்விடும். சிலர் பீப்புக்குள் பார்க்காமல் அதற்கு மேலே பார்த்து எய்வார்கள். 'மானை எய்தேன்' என்பவர்களிடம் 'மானில் எந்த முடியை?' என்று நான் கேட்பது விளையாட்டுக்கு அல்ல. முழு மானையும் பார்ப்பவருக்குக் குறி என்று ஒன்று இருப்பதில்லை. இதை உற்சாக வார்த்தைகளால் தீர்க்க முடியாது, பழக்கத்தால்தான் முடியும். ஒரு நாளில் ஐம்பது அம்பு எய்வதைவிட, வேட்டைக்குப் போடும் அதே சட்டையும் கையுறையும் அணிந்து, வீட்டு மாடிப்படிகளை இரண்டு முறை ஓடி ஏறி இறங்கிவிட்டு, பயிற்சித் திடலில் முதல் அம்பை மட்டும் கவனமாக எய்து, அது எங்கே பட்டது என்று எழுதிவைப்பது பயன் தரும். காட்டில் உங்களுக்குக் கிடைப்பது அந்த முதல் அம்பு மட்டுமே. பயிற்சியில் வேறு முனை, வேட்டையில் ப்ராட்ஹெட் என்று மாற்றுபவர்கள், இரண்டும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்பதைப் பருவத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சுள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: விரல் தடிமன் கிளை போதும் அம்பைத் திருப்பிவிட, அந்தி வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. தவறிய பிறகு அதே இருக்கைக்கு ஏறி, மான் நின்ற இடத்தில் ஒரு பையை வைத்துக் கண்ணால் கோடு இழுத்துப் பாருங்கள். குற்றவாளி பல நேரம் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த இளைஞரோடு அன்று பிற்பகலே நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்திருந்தது. மான் நின்ற இடத்தில், ஈர ஓக் இலையொன்றின் அடியில் ஒரு சிறு கொத்து வெள்ளை முடி கிடந்தது; அதற்கு ஆரஞ்சு நாடா கட்டினோம். குருதியை மழை கழுவிவிட்டது. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு வேலிக்கு அப்பாலும் நடந்து, கோரை மண்டிய சதுப்பு வரை போய், இருட்டும் வரை தேடினோம். மான் கிடைக்கவில்லை. திரும்பும்போது அவர் அதிகம் பேசவில்லை. காரில் ஏறியதும் விளக்கைப் போட்டு, தன் குறிப்பேட்டில் சனிக்கிழமைத் தேதியின் கீழே 'தவறியது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'பட்டது, வயிறு' என்று எழுதினார். மீதிப் பருவத்துக்கு அவர் வில்லை எடுக்கவில்லை. கடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை வந்து, குளிர்ச்சட்டையோடு ஓர் அம்பு எய்துவிட்டுப் போனார்.